நண்பர் வண்டி கேட்கும்போது: சாவியைக் கொடுப்பதா, உடன் செல்வதா, மறுப்பதா?

சில ஆண்டுகளுக்கு முன், வைகாசி முகூர்த்தம் ஒன்றுக்காகத் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போய்வர என் நண்பன் ஒருவன் என்னுடைய ஸ்பிளெண்டரை இரவல் கேட்டான். சனிக்கிழமை மாலை சாவியை வாங்கிச் சென்றவன் திங்கட்கிழமை காலை வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியபோது டேங்கில் பெட்ரோல் நிறைந்திருந்தது. வண்டி வாட்டர் வாஷ் செய்யப்பட்டுச் செயின் வரைக்கும் துடைக்கப்பட்டிருந்தது. நன்றியுணர்வோடு செய்திருக்கிறான் என்றே எண்ணிக்கொண்டேன். அலுவலகத்துக்குக் கிளம்பிப் பாதி தூரம் சென்ற பிறகுதான், வண்டி நேராகப் போக வேண்டுமானால் ஹேண்டில் பாரைச் சற்றே இடப்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டியிருப்பதைக் கை உணர்ந்தது. ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். வலப்பக்க ஃபுட் ரெஸ்டின் ரப்பர் நுனி தேய்ந்து இரும்பு தெரிந்தது. பிரேக் பெடல் உட்புறமாக வளைந்திருந்தது. சைலன்சரின் மேல் தகட்டில் தார்ச்சாலையில் உரசிய கோடுகள் புதிதாக மின்னின. மெக்கானிக் வண்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஃபோர்க் குழாய்கள் இரண்டையும் ஒரு முறை பார்த்துவிட்டு, “விழுந்திருக்குங்க, ஃபோர்க் வளைஞ்சிருக்கு” என்றார்.

அன்று மாலை நண்பனே வந்து நடந்ததைச் சொன்னான். கல்யாண வீட்டில் பூ வாங்கி வர ஆள் தேவைப்பட்டபோது அவனுடைய மைத்துனன் சாவியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். அந்தப் பையனிடம் இருந்தது எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமம் மட்டுமே. வளைவில் மணல் கிடந்த இடத்தில் பிரேக்கை அழுத்தியதும் வண்டி வழுக்கி விழுந்துவிட்டது. முழங்காலில் நான்கு தையலோடு அவன் தப்பித்துக்கொண்டான். பழுதுக்கான பணத்தை நண்பன் அடுத்த மாதமே கொடுத்துவிட்டான், எங்கள் நட்பும் கெடவில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வராமல் போனதற்குப் பணம் காரணமில்லை. அந்த வளைவில் ஒரு பெரியவர் சாலையைக் கடந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பும், அப்படி ஆகியிருந்தால் எஃப்.ஐ.ஆரில் எழுதப்படும் வண்டி எண் என்னுடையதாக இருந்திருக்கும் என்ற நினைப்புமே காரணம். நான் ஒருவனுக்குக் கொடுத்த சாவி, நான் முகம்கூடப் பார்த்திராத இன்னொருவன் கையில் இருந்திருக்கிறது.

அதன் பிறகு இந்த விஷயத்தை நிதானமாக யோசித்தும் படித்தும் பார்த்திருக்கிறேன். வண்டி கேட்டு வரும் நண்பருக்கு நாம் செய்யக்கூடியவை நான்கு: சாவியைக் கொடுக்கலாம், நாமே ஓட்டிச் சென்று விட்டு வரலாம், ஆட்டோவுக்கோ வாடகை வண்டிக்கோ ஏற்பாடு செய்து தரலாம், இல்லையென்று சொல்லலாம். இவற்றில் எதுவும் எல்லா நேரத்துக்கும் பொருந்தாது. ஒப்பிடுவதற்கு முன், இரவல் கொடுத்த வண்டியைச் சட்டமும் காப்பீடும் எந்தக் கண்ணால் பார்க்கின்றன என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் “ஓட்டியவன்தானே பொறுப்பு” என்ற நம்பிக்கையில்தான் சாவியை நீட்டுகிறோம்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர். உரிமம் இல்லாதவரையோ உரிய வயது நிரம்பாதவரையோ உரிமையாளர் தம் வண்டியை ஓட்ட விடக்கூடாது என்று அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. அதை மீறி ஓட்ட விட்டவருக்கு 180ஆம் பிரிவின் கீழ் மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் வந்த தொகை இது. உரிமம் இல்லாமல் ஓட்டியவருக்கு 181ஆம் பிரிவின் கீழ் வரும் தண்டனை தனி. அதாவது, ஒரே சவாரிக்காக ஓட்டியவரும் கொடுத்தவரும் இருவேறு குற்றவாளிகளாக நிற்க நேரிடும். ஓட்டியவர் பதினெட்டு வயது நிரம்பாதவராக இருந்துவிட்டால் நிலைமை இன்னும் கடுமை. 199ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்தாகும். “நம்ம தெருப் பையன்தானே, கடைக்குப் போய்ட்டு வரட்டும்” என்று பக்கத்து வீட்டுப் பிளஸ் டூ மாணவனிடம் சாவியை நீட்டும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

விபத்தில் மூன்றாம் நபர் ஒருவர் காயப்பட்டாலோ இறந்துவிட்டாலோ, இழப்பீட்டு வழக்கில் ஓட்டியவரோடு உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கப்படுவார்கள். பிறருக்கு நேரும் இழப்புக்கான மூன்றாம் நபர் காப்பீடு நடப்பில் இருந்து, ஓட்டியவருக்குச் சரியான உரிமமும் இருந்தால், தீர்ப்பாயம் விதிக்கும் தொகையை நிறுவனம் கொடுத்துவிடும். உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் இதில் உச்சவரம்பு கிடையாது. பிறர் சொத்துக்கு நேரும் சேதத்துக்கு மட்டும் இருசக்கர வண்டிகளுக்கு ஒரு லட்சம் ரூபாய் என்ற வரம்பு உண்டு. ஓட்டியவருக்கு உரிமம் இல்லையென்றால், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவிடப்படுவது வழக்கம். ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வீட்டையே அசைத்துவிடக்கூடிய தொகையாக அது இருக்கலாம். இங்கே உரிமையாளருக்கு ஒரு பாதுகாப்பும் உண்டு. 2004 ஜனவரியில் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓட்டியவரிடம் உரிமம் இல்லை என்பதை மட்டும் காட்டி நிறுவனம் தப்பித்துவிட முடியாது என்றும், உரிமையாளர் உரிய கவனம் எடுக்கத் தவறினார் என்பதையும் நிறுவனமே நிரூபிக்க வேண்டும் என்றும் சொன்னது. சாவியைக் கொடுக்கும் முன் “லைசென்ஸைக் காட்டு” என்று கேட்பது நண்பனை அவமதிப்பதாகும் என்று பலரும் தயங்குகிறார்கள். நாளை ஒரு வழக்கு என்று வந்தால் நாம் கவனமாக இருந்தோம் என்பதற்கு நம் கையில் இருக்கப்போகும் சான்று அந்த ஒரு கேள்விதான்.

நண்பருடைய பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிய வருவது இன்னும் கவலை தருகிறது. இதைத்தான் பெரும்பாலோர் அறியாமல் இருக்கிறார்கள். கர்நாடகத்தில் ஒருவர் இரவல் வாங்கிய ஹீரோ ஹோண்டாவில் சென்றபோது, முன்னே போன மாட்டு வண்டி திடீரென நின்றதால் அதில் மோதி இறந்துபோனார். அன்று சட்டத்தில் இருந்த, தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லாத 163ஏ பிரிவின் கீழ் அவருடைய குடும்பம் அந்த மோட்டார் சைக்கிளின் காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கேட்டது. நிங்கம்மா வழக்கு என்று அறியப்படும் அதில் 2009இல் உச்ச நீதிமன்றம், வண்டியை இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என்றும், உரிமையாளர் தமக்குத் தாமே இழப்பீடு கேட்க முடியாதது போல் அவரும் அப்பிரிவின் கீழ் கேட்க முடியாது என்றும் தீர்ப்பளித்தது. 2020 ஜனவரியில் ராம்கிலாடி வழக்கிலும் இதே நிலைப்பாடுதான். பாலிசி ஒப்பந்தத்தில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடாக இருந்த ஒரு லட்சம் ரூபாய் மட்டுமே அந்த வழக்கில் இறந்தவரின் குடும்பத்துக்குக் கிடைத்தது. இப்போது அந்தக் கட்டாயக் காப்பீடு 15 லட்சம் ரூபாயாக உயர்ந்திருக்கிறது; ஆனால் அது உரிமம் வைத்திருக்கும் பதிவு உரிமையாளருக்காக எடுக்கப்படுவது. எதிரே வந்த வண்டியின் மீது தவறு இருந்தால் அதன் காப்பீட்டிலிருந்து நண்பரின் குடும்பம் கேட்கலாம். அவராகவே சறுக்கி விழுந்தாலோ நின்றிருந்த லாரியில் மோதினாலோ நம் பாலிசியை நம்பி அவர் குடும்பம் இருக்க முடியாது. ஆக, “ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு, பயப்படாம எடுத்துட்டுப் போ” என்று நாம் சொல்லும் சொல், அதைக் கேட்டுப் போகிறவருடைய உயிரைப் பொறுத்தவரை பெரும்பாலும் உண்மையல்ல. வண்டி இரவல் வாங்கி ஓட்டும் பழக்கம் உள்ள நண்பருக்கு நான் சொல்வது, தன் பெயரில் ஒரு விபத்துக் காப்பீடாவது வைத்துக்கொள் என்பதே. வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 20 ரூபாயில் கிடைக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் தருகிறது. எதுவும் இல்லாமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

நம் பாலிசியில் என்ன இருக்கிறது என்பதையும் ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிகளுக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே எடுக்க வேண்டும் என்பதால், அட்டையில் ஐந்து ஆண்டுத் தேதியைப் பார்த்துவிட்டு எல்லாம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். சொந்த வண்டியின் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஓராண்டுக்கே எடுக்கப்பட்டு, புதுப்பிக்கப்படாமல் முடிந்துபோயிருக்கும். நூறு சிசி வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் 2022இல் நிர்ணயித்த கட்டணப்படி ஆண்டுக்கு 714 ரூபாயும் வரியும்தான். அதோடு நின்றுவிட்ட பழைய வண்டி விழுந்து உடைந்தால் முழுச் செலவும் கையிலிருந்துதான் போகும். சொந்தச் சேதக் காப்பீடு இருந்தாலும், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி மதிப்பைத்தான் தருவார்கள். க்ளெய்ம் எடுக்காத ஆண்டுகளுக்காக 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம் வரை ஏறும் தள்ளுபடியும் ஒரே க்ளெய்மில் போய்விடும். நண்பர் விழுந்தாலும் போவது நம் தள்ளுபடிதான்.

இத்தனையும் தெரிந்த பிறகும் சாவியைக் கொடுப்பது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். நள்ளிரவில் மருந்து வாங்கவும், பரீட்சைக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விடவும், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகவும் ஒருவருக்கொருவர் வண்டி கொடுத்துத்தான் நம் தெருக்கள் வாழ்ந்து வந்திருக்கின்றன. உரிமம் உள்ள, நமக்கு ஓட்டும் விதம் தெரிந்த நண்பர், ஊருக்குள், பகல் நேரத்தில், குறிப்பிட்ட ஒரு வேலைக்காகக் கேட்டால், நான்கு வழிகளில் இதுவே எளியது. ஆட்டோவுக்கு ஆகும் செலவு அவருக்கு மிச்சம், நம் நேரமும் வீணாகாது. இந்த ஐந்து நிபந்தனைகளில் ஒன்று குறைந்தாலும் மற்ற வழிகளை எண்ணிப் பார்க்கத் தொடங்க வேண்டும்.

உரிமம் என்றால் எந்த உரிமம் என்பதும் பார்க்க வேண்டியது. கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் உரிமம் வாங்கியவர் கியர் வண்டியை ஓட்டச் சட்டம் அனுமதிப்பதில்லை. இது தாளில் இருக்கும் வெறும் வேறுபாடு அல்ல. பல வருடம் ஸ்கூட்டர் ஓட்டியவருடைய இடக்கை விரல்களுக்கு அங்கே இருப்பது பின் பிரேக். கியர் வண்டியில் அதே இடத்தில் இருப்பது கிளட்ச். நாய் ஒன்று குறுக்கே ஓடும்போது மூளை யோசிப்பதற்குள் இடக்கை இறுக்கிப் பிடித்துவிடும். வண்டி நிற்பதற்குப் பதிலாக இன்ஜினின் பிடியும் விட்டுப்போய் இன்னும் சுலபமாக முன்னே ஓடும். வலக்கால் பெடலை மிதிக்க வேண்டும் என்பது அந்தக் காலுக்குப் பழக்கமே இல்லாத செய்தி. வலப்பக்கம் கியரும் இடப்பக்கம் பிரேக்கும் உள்ள பழைய புல்லட்டை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் பொதுவாக யாருக்கும் கொடுப்பதில்லை. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு, பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால், அதில் ஓட்டிப் பழகிய இளைஞர் டிரம் பிரேக் உள்ள பழைய வண்டியை வாங்கி, ஈரச் சாலையில் அதே தைரியத்தோடு பிரேக்கை அழுத்தும் ஆபத்தும் இருக்கிறது. எனவே, சாவியைக் கொடுத்ததும் உள்ளே போய்விடாமல், தெரு முனை வரை ஒரு முறை ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்ப்பது நல்லது. முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாறும் விதத்திலேயே கையின் பழக்கம் தெரிந்துவிடும்.

சாவி கை மாறுவதுதான் எனக்கு நேர்ந்தது என்பதால், இப்போது நான் வெளிப்படையாகக் கேட்டுவிடுகிறேன்: “நீ மட்டும்தானே ஓட்டப்போற?” வேறு யாருக்கும் தர மாட்டேன் என்று ஒருவர் வாயால் சொல்லிவிட்டால், கல்யாண வீட்டில் மைத்துனர் கை நீட்டும்போது மறுப்பதற்கு அவருக்கும் ஒரு காரணம் கிடைக்கிறது. குடித்துவிட்டு ஓட்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. சொந்தச் சேதக் காப்பீடு அந்தச் சவாரியில் செல்லாது; வண்டி காவல் நிலையத்தில் நிற்கும்போது அதை மீட்க அலைய வேண்டியது நாம்தான். கேமராவில் பதிவாகும் விதிமீறலுக்கான ஈ-சலான் குறுஞ்செய்தியும் நம் கைபேசிக்கே வரும். வண்டியை அன்று ஓட்டியவர் யார் என்று காவல்துறை கேட்டால் விவரம் தர வேண்டிய கடமையை 133ஆம் பிரிவு உரிமையாளர் மீது வைத்திருக்கிறது. போதைப்பொருள் கடத்தலில் வண்டி சிக்கினால், தமக்குத் தெரியாமல் நடந்தது என்பதையும் உரிய முன்னெச்சரிக்கைகளை எடுத்திருந்ததையும் உரிமையாளரே நிரூபிக்க வேண்டும் என்பது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 60ஆம் பிரிவு. இது யாருக்கோ நடப்பது என்று தோன்றும். ஆனால் நண்பரின் நண்பர் என்று யாரோ ஒருவர் கேட்டு வரும்போது நினைவில் இருக்க வேண்டிய பிரிவு.

இரண்டாவது வழி, நாமே ஓட்டிச் சென்று விட்டு வருவது. ஒப்பிட்டுப் பார்த்ததில் நான் அதிகம் மதிப்பது இதைத்தான். கேட்டவருக்கு வேலை முடிகிறது, நட்பும் காயப்படுவதில்லை, வண்டி நம் கையைவிட்டுப் போவதுமில்லை. ஓட்டுவது பதிவு உரிமையாளரே என்பதால், 15 லட்சம் ரூபாய்க்கான தனிநபர் காப்பீடு எடுத்திருந்தால் அதுவும் பொருந்தும். ஆனால் இதிலும் ஒரு குழி இருக்கிறது. 2006இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டம் கேட்கும் குறைந்தபட்ச பாலிசி மட்டும் இருக்கும் வண்டியில், கட்டணமில்லாமல் பின்னால் உட்கார்ந்து வருபவருக்கு அந்தப் பாலிசி பொறுப்பேற்காது என்றது. சொந்தச் சேதத்தையும் சேர்த்த முழுப் பாலிசி எடுத்திருந்தால் பின்னால் இருப்பவருக்கும் பாதுகாப்பு உண்டு. எனவே நண்பர்களை அடிக்கடி ஏற்றிச் செல்பவர்கள் மூன்றாம் நபர் காப்பீட்டோடு நின்றுவிடாமல் இருப்பது நல்லது. பின்னால் உட்கார்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம், இல்லையென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்பதால் வீட்டில் இரண்டாவது ஹெல்மெட் ஒன்று இருக்க வேண்டும். அது ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாகவும், தலையில் ஆடாமல் நிற்பதாகவும் இருக்க வேண்டும். இந்த வழியின் விலை நம் நேரம்தான். இரவுப் பணி முடித்துக் களைத்திருக்கும் நாளில் உடன் செல்வது, ஓய்வெடுத்துத் தெளிவாக இருக்கும் நண்பரிடம் சாவியைக் கொடுப்பதைவிட ஆபத்தானது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மூன்றாவது வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளியூர்ப் பயணம், இரவுப் பயணம், குழந்தையோடும் மூட்டை முடிச்சோடும் போக வேண்டிய பயணம் ஆகியவற்றுக்கு மோட்டார் சைக்கிளே பொருத்தமில்லை; பேருந்துக்கோ ஆட்டோவுக்கோ ஏற்பாடு செய்து கொடுப்பதுதான் உண்மையான உதவி. கையில் பணமில்லாததால்தான் நண்பர் வண்டி கேட்கிறார் என்று தெரிந்தால், “ஆட்டோவுல போய்ட்டு வா, அப்புறம் பாத்துக்கலாம்” என்று முந்நூறு நானூறு ரூபாயை அவர் சட்டைப் பையில் வைப்பது வண்டியைக் கொடுப்பதைவிட நமக்குக் குறைந்த செலவாகவே முடியும். சுற்றுலாவுக்கு இரண்டு மூன்று நாள் வண்டி வேண்டும் என்றால், 1997ஆம் ஆண்டின் மோட்டார் சைக்கிள் வாடகைத் திட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற கடைகள் புதுச்சேரி, கோவா போன்ற இடங்களில் இருக்கின்றன. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருப்பதை வைத்து அந்த வண்டிகளை அடையாளம் காணலாம். வாடகைக்கு ஓட்டுவதற்காகவே பதிவாகிக் காப்பீடும் செய்யப்பட்டவை அவை. இதை அறியாமல் சிலர் தம் சொந்த வண்டியையே நண்பர்களுக்கு நாள் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கிறார்கள். தனிப்பயன் பாலிசி, கட்டணத்துக்கு விடும் பயன்பாட்டை ஏற்பதில்லை. இலவசமாகக் கொடுத்தபோது இருந்த பாதுகாப்பும் அந்த வாடகைப் பணத்தோடு போய்விடக்கூடும். பெட்ரோல் போட்டுத் தருவதை வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை என்ற பெயரில் எதையும் வாங்காதீர்கள்.

நான்காவது வழியான மறுப்பு நமக்கு மிகவும் கடினமாக இருக்கிறது. “வண்டி சர்வீஸ்ல விட்டிருக்கேன்”, “டயர் பஞ்சர்”, “தம்பி எடுத்துட்டுப் போயிருக்கான்” என்று நாம் சொல்லும் காரணங்கள் மாலையிலேயே தெருமுனை டீக்கடையில் வெளுத்துவிடும். வண்டி மறுக்கப்பட்டதை மறந்துவிடும் நண்பர்கூடப் பொய் சொல்லப்பட்டதை மறப்பதில்லை. “தப்பா எடுத்துக்காதப்பா, வண்டிய நான் யாருக்கும் கொடுக்கறதில்ல, எங்க போகணும்னு சொல்லு, கொண்டுபோய் விடறேன்” என்ற வாக்கியத்தில் மறுப்பும் இருக்கிறது, உதவியும் இருக்கிறது. ஆனால் யாருக்கும் கொடுப்பதில்லை என்று சொன்னவர் அடுத்த வாரமே மாமன் மகனுக்குக் கொடுக்கக் கூடாது. உறவுக்கு ஒன்று, நட்புக்கு ஒன்று என்று இருந்தால் அந்த வாக்கியத்தில் உண்மை இல்லாமல் போய்விடும். வண்டியே பிழைப்பாக இருப்பவர்கள், அதாவது பால் ஊற்றுபவர், டெலிவரி வேலை பார்ப்பவர், ஊர் ஊராகச் செல்லும் மருந்து விற்பனைப் பிரதிநிதி போன்றவர்கள், மறுப்பதற்குக் கூச்சப்படவே வேண்டியதில்லை. அவர்களுடைய வண்டி இரண்டு நாள் மெக்கானிக் கடையில் நின்றால் இரண்டு நாள் கூலி போகிறது, தவணையோ நிற்பதில்லை.

நான்கிலும் சேராத ஒன்றையும் சொல்ல வேண்டும். “ஆறு மாசம் வச்சுக்கோ”, “காசு அப்புறம் கொடு, பேர் மாத்தறத மெதுவா பாத்துக்கலாம்” என்று வண்டியை நீண்ட காலத்துக்கு நண்பரிடம் விட்டுவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. இரவலில் குறைந்தபட்சம் மாலையில் வண்டி திரும்பி வருகிறது. இதில் வண்டியும் நம்மிடம் இல்லை, அதை யார் ஓட்டுகிறார்கள் என்பதும் தெரியாது, பொறுப்பு மட்டும் நம் பெயரிலேயே தங்கிவிடுகிறது. 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில், விற்கப்பட்டுப் பல கை மாறிய ஒரு வாகனம் விபத்தில் சிக்கியபோது, பதிவேட்டில் இன்னும் பெயர் இருந்த முதல் உரிமையாளரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 50ஆம் பிரிவு சொல்கிறது. நண்பருக்கு வண்டி நிரந்தரமாகத் தேவை என்றால், விலையைக் குறைத்துக் கொடுத்தாவது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றிய பிறகே சாவியைக் கொடுங்கள்.

கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டால் நான் செய்யும் சில காரியங்கள் உண்டு. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. இருவரும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, இரு பக்கமும் கிலோமீட்டர் மீட்டரும் தெரியும்படி கைபேசியில் படம் எடுத்துக்கொள்வோம். ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்றிதழ் மூன்றின் நகலும் சீட்டுக்கு அடியில் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். என் வண்டியின் கோளாறுகளை மறைக்காமல் சொல்வேன்: முன் பிரேக் சற்றுத் தாமதமாகத்தான் பிடிக்கும், சைடு ஸ்டாண்டு எடுக்காமல் விட்டாலும் இன்ஜின் ஓடும், ரிசர்வ் விழுந்தால் முப்பது கிலோமீட்டருக்கு மேல் நம்ப வேண்டாம். வண்டியைக் கொடுப்பவர் சொல்லாமல் விட்ட பிரேக் கோளாறால் நண்பர் விழுந்தால், அந்தக் குற்ற உணர்வை எந்தக் காப்பீடும் தீர்க்காது. கடைசியாக, விழுந்தால் சொல் என்று சொல்வேன். வாட்டர் வாஷ் வேண்டாம், எங்கே எப்படி விழுந்தாய் என்று மட்டும் சொல், ஏனென்றால் வளைந்த ஃபோர்க்கோடு அடுத்த நாள் ஓட்டப்போவது நான்.

கடந்த மாதம் அதே நண்பன் மீண்டும் வந்தான். அம்மாவின் கண் பரிசோதனைக்கான சீட்டை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு மருத்துவமனைக்கு வந்துவிட்டார்களாம். அம்மாவை அங்கே வரிசையில் உட்கார வைத்துவிட்டு, போய் எடுத்து வர அரை மணி நேரத்துக்கு வண்டி வேண்டும் என்றான். நான் கேட்பதற்கு முன்பே பர்ஸைத் திறந்து உரிமத்தை எடுத்து நீட்டினான். வாங்கிப் பார்த்தேன், காலாவதியாக இன்னும் ஆண்டுகள் இருந்தன. ஹெல்மெட்டையும் சாவியையும் கொடுத்தேன். வண்டியைச் சுற்றி வந்தவன் முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “காத்து கம்மியா இருக்குடா, போற வழியில அடிச்சுக்கறேன்” என்று சொல்லிக் கிளம்பினான்.